வீட்டு வாசலில் அடுத்தவர் கார்: மதில் ஓரம் வேறு, கேட் வேறு

கேட்டவர் மேற்கு மாம்பலத்துக்காரர். அவர் எழுதியதன் சுருக்கம்: இருபது அடித் தெருவில் தனி வீடு. அடுத்த தெருவில் குடியிருக்கும் ஒருவர் தினமும் இரவு ஒன்பது மணிக்கு இவர் வீட்டு மதிலை ஒட்டிக் காரை விட்டுவிட்டுப் போய், காலை எட்டு மணிக்கு வந்து எடுக்கிறார். சில நாள் கார் கேட்டையும் பாதி மறைத்து நிற்கிறது. இவர் கேட்டில் 'நோ பார்க்கிங்' போர்டு மாட்டினார். பலன் இல்லாததால் ரோட்டில் இரண்டு சிமெண்ட் பூந்தொட்டிகளை வைத்தார். கார்க்காரர் தொட்டிகளை நகர்த்தி வைத்துவிட்டு, அதே இடத்தில் நிறுத்திவிட்டு, "ரோடு என்ன உங்க பட்டாவுலயா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். சட்டம் யார் பக்கம், போலீஸில் புகார் கொடுக்கலாமா, அபராதம் எவ்வளவு என்பது கேள்வி.

சென்னையில் போக்குவரத்துப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து, எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவன் நான். இந்தப் புகாரை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. மதிலுக்கு முன்னால் இருக்கும் தெரு யாருக்கு என்பது ஒன்று. கேட்டுக்கு முன்னால் இருக்கும் தெரு யாருக்கு என்பது இன்னொன்று. முதலாவதில் அவர் சொல்வதுதான் சரி. இரண்டாவதில் நீங்கள் சொல்வது சரி. இரண்டையும் ஒரே சண்டையாகப் போடுவதால்தான் தீரவே மாட்டேன் என்கிறது.

முதலில் மதில் ஓரம். பொதுத் தெரு மாநகராட்சியின் வசம் இருப்பது. உங்கள் பத்திரத்தில் உள்ள நான்கு எல்லைகளில் ஒன்று அந்தத் தெரு. அதாவது உங்கள் இடம் அங்கே முடிகிறது. முப்பது வருடம் அந்த மண்ணைக் கூட்டிக் கோலம் போட்டிருக்கலாம், மழைக்காலத்தில் நீங்களே ஆள் வைத்துத் தண்ணீர் வடிய விட்டிருக்கலாம். அந்த உழைப்புக்கு மரியாதை உண்டு, ஆனால் அதனால் உரிமை வராது. எங்கே வண்டி நிறுத்தலாம், எங்கே கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தன் 117ஆவது பிரிவில் மாநில அரசுக்கும், அரசு அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும்தான் தருகிறது. உள்ளாட்சியைக் கலந்துகொண்டு அவர்கள் முடிவு செய்வார்கள். போக்குவரத்துக் குறி நடுவதற்கு 116ஆவது பிரிவு. அந்த வழியில் வராத போர்டு எதற்கும் சட்டத்தின் பலம் கிடையாது. நீங்கள் மாட்டியது ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான். வேண்டுகோளை மீறியவருக்குச் செலான் போட முடியாது.

பூந்தொட்டி விஷயம் அதைவிட மோசம், உங்களுக்குத்தான் மோசம். 2024 தொடக்கத்தில், சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கையொட்டி, சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை ஓர் எச்சரிக்கை கொடுத்தது. வீடு, கடைகளுக்கு முன்னால் அனுமதி இல்லாமல் 'நோ பார்க்கிங்' போர்டு, மணல் மூட்டை, தடுப்பு, பூந்தொட்டி வைப்பவர்கள் மேல் நடவடிக்கை எடுப்போம் என்பது அதன் சாரம். இரவில் ஹெட்லைட் சரியில்லாத பைக்கில் வரும் ஒரு பையன் அந்தத் தொட்டியில் மோதி விழுந்தால், பொது வழியில் இடையூறு வைத்ததற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆவது பிரிவு பொது வழியில் ஆபத்தோ தடையோ ஏற்படுத்துபவருக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் சொல்கிறது. அடிபட்டால் அதற்கு மேலும் போகும். இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் முதல் வேலையாகத் தொட்டிகளை உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.

சரி, இப்போது கேட். தெருவை ஒட்டி இடம் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும், தன் இடத்திலிருந்து தெருவுக்கு வரவும் தெருவிலிருந்து உள்ளே போகவும் உரிமை உண்டு. இது எல்லோருக்கும் பொதுவான சாலை உரிமை அல்ல, அந்த வீட்டுக்கென்றே இருக்கும் உரிமை. 2017இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வண்டி நிறுத்தக் கூடாத இடங்களைச் சொல்லும்போது, ஒரு கட்டடத்தின் நுழைவாயிலை மறைத்து நிறுத்துவதையும் சேர்த்துத்தான் சொல்கின்றன. அங்கே போர்டு இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. கேட் என்பதே போர்டுதான். ஆகவே கார் கேட்டை மறைத்து நிற்கும் நாட்களில் உங்களுக்குத் தாராளமாகப் புகார் கொடுக்க முகாந்திரம் இருக்கிறது. மதிலோரம் மட்டும் நிற்கும் நாட்களில், வேறு காரணம் இல்லாவிட்டால், இல்லை.

அந்த 'வேறு காரணம்' முக்கியம். போர்டு இல்லாத இடமெல்லாம் பார்க்கிங் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். அது தவறு. தெருமுனை, வளைவு, பாலத்தின் மேடு, நடைபாதை, சிக்னலுக்கும் ஜீப்ரா கோட்டுக்கும் பக்கம், பஸ் நிறுத்தம், பள்ளிக்கூட வாசல், ஆஸ்பத்திரி வாசல், ஏற்கெனவே நிற்கும் வண்டிக்கு இணையாக ரோட்டின் நடுப்பக்கம், போக்குவரத்துக் குறியை மறைக்கும் இடம் ஆகிய எங்கும் போர்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறுத்தக் கூடாது. இதற்கெல்லாம் மேலே மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆவது பிரிவு ஒரே வரியில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறது: மற்றவர்களுக்கு ஆபத்தோ தடையோ தேவையில்லாத சிரமமோ தரும் விதத்தில் பொது இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது. டிரைவர் சீட்டில் ஆள் உட்கார்ந்திருந்தால் தப்பில்லை என்பதும் தவறான எண்ணம். தி. நகரில் நான் நின்ற நாட்களில் தினமும் பத்துப் பேராவது கண்ணாடியை இறக்கி, "பார்க் பண்ணலை சார், வெயிட் பண்றேன்" என்பார்கள். பின்னால் நிற்கும் பஸ்ஸுக்கு இரண்டும் ஒன்றுதான்.

குறிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரே ஒரு சிவப்புக் கோடு இருந்தால் அங்கே வண்டியை விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஆளை இறக்கிவிட்டு உடனே நகரலாம். அதே நீல வட்டத்தில் இரண்டு கோடுகள் பெருக்கல் குறி போல இருந்தால் அங்கே நிற்கவே கூடாது, ஆளை இறக்கவும் கூடாது. லைசென்ஸ் எடுக்கும்போது எல்லோரும் மனப்பாடம் செய்துதான் வந்திருக்கிறோம். ஆனால் ஸ்பாட்டில் பிடித்தால், வித்தியாசம் தெரியாமல் நின்றவர்கள்தான் அதிகம்.

உங்கள் தெரு இருபது அடி என்கிறீர்கள். நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சின்ன காரின் அகலம் ஐந்தே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு, இன்னோவா போன்றது ஆறு அடி. மதிலிலிருந்து ஓரடி தள்ளித்தான் யாரும் நிறுத்துவார்கள், கதவு திறக்க வேண்டுமே. ஆக ஒரு கார் நின்றால் தெருவில் ஏழு அடி போய்விடும். ஒரு பக்கம் மட்டும் நின்றால் மிச்சம் பதின்மூன்று அடி. எல்லா வண்டியும் போகும். இரண்டு பக்கமும் எதிரெதிரே நின்றால் மிச்சம் ஆறு அடி. வேன் வகை ஆம்புலன்ஸ் ஆறரை அடி அகலம். தீயணைப்பு வண்டி ஏறக்குறைய எட்டு அடி. கண்ணாடிகளை மடக்கினாலும் போகாது.

இதை நான் காகிதத்தில் போட்ட கணக்காகச் சொல்லவில்லை. கோடம்பாக்கம் பக்கம் ஒரு இரவு டியூட்டியில் இருந்தபோது, ஒரு வீட்டின் சமையலறையில் கேஸ் சிலிண்டர் தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டி ஆறு நிமிடத்தில் வந்துவிட்டது. தெருமுனை வரைக்கும்தான் வர முடிந்தது. தெருவில் இரண்டு பக்கமும் கார்கள். ஹாரன் அடித்து, கேட்டைத் தட்டி, யாருடைய கார் என்று தெரியாமல் வீடு வீடாகப் போனோம். ஒரு கார்க்காரர் வெளியூர் போயிருந்தார். கடைசியில் அந்த வீரர்கள் ஓஸ் பைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, தெருமுனையிலிருந்து ஓடினார்கள். பைப்பின் இணைப்பு ஒரு காரின் டயருக்கு அடியில் சிக்கிக்கொள்ள, நானும் இன்னொரு கான்ஸ்டபிளும் குனிந்து அதை இழுத்தது இன்னும் கையில் இருக்கிற மாதிரி இருக்கிறது. யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, வீடு போய்விட்டது. அன்று அங்கே நின்ற கார்களில் முக்கால்வாசி எந்தக் கேட்டையும் மறைக்கவில்லை, எந்த போர்டையும் மீறவில்லை. ஆனாலும் 122ஆவது பிரிவு சொல்லும் 'தடை' அதுதான். ஆகவே உங்கள் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் வேறொரு கார் வழக்கமாக நிற்கிறதென்றால், நீங்கள் போலீஸில் முன்வைக்க வேண்டிய வாதம் "என் வீட்டு முன்னால் நிறுத்துகிறார்" என்பதல்ல. "இரண்டும் சேர்ந்து நின்றால் ஆம்புலன்ஸ் வராது" என்பதுதான். முதல் வாதத்தைக் கேட்டு இன்ஸ்பெக்டர் பேசி அனுப்பிவிடுவார். இரண்டாவது வாதத்தை அவர் தட்டிக்கழிக்க முடியாது.

அடுத்து, பலரும் கேள்விப்பட்டிருக்காத ஒரு பிரிவு. ஒரு வண்டி பொது இடத்தில் பத்து மணி நேரம் அல்லது அதற்கு மேல் ஆள் இல்லாமல் கிடந்தாலோ, தடை செய்யப்பட்ட இடத்தில் நின்றாலோ, சீருடையில் இருக்கும் அந்தச் சரகக் காவல் அதிகாரி அதை இழுத்துப் போகவோ சக்கரத்தைப் பூட்டவோ உத்தரவிடலாம் என்கிறது அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆவது பிரிவு. இழுக்கும் செலவும் வண்டிக்காரர் தலையில்தான், அபராதம் தனி. உங்கள் கணக்குப்படி இரவு ஒன்பதிலிருந்து காலை எட்டு வரை பதினொரு மணி நேரம். எழுத்துப்படி பார்த்தால் பொருந்துகிறது. ஆனால் 'உத்தரவிடலாம்' என்றுதான் சட்டம் சொல்கிறது, 'உத்தரவிட வேண்டும்' என்று சொல்லவில்லை. என் சர்வீஸில் இரவு நிறுத்திக் காலையில் எடுக்கும் வண்டியை இந்தப் பத்து மணி நேரக் கணக்குக்காக மட்டும் யாரும் இழுத்து நான் பார்த்ததில்லை. அப்படி இழுக்க ஆரம்பித்தால், தெருவுக்குத் தெரு நிற்கும் கார்களை வைக்க எந்த ஸ்டேஷனிலும் இடம் இருக்காது. டயர் இறங்கி, தூசி படிந்து, மாதக்கணக்கில் கிடக்கும் வண்டிகளுக்குத்தான் இது நடைமுறையில் பயன்படுகிறது. அப்படி ஏதாவது உங்கள் தெருவில் கிடந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். மாநகராட்சியின் 1913 எண்ணிலும் பதிவு செய்யலாம். அப்படி ஒரு வண்டி போனாலே ஏழு அடி கிடைக்கும்.

அபராதம் எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த புதிய தொகைகளைத் தமிழ்நாடு 2022 அக்டோபரில் அமலுக்குக் கொண்டுவந்தது. தடை செய்யப்பட்ட இடத்தில் நிறுத்தினால் முதல் முறை 500 ரூபாய், மறுபடியும் செய்தால் 1,500. போக்குவரத்துக்குத் தடையாக நிறுத்துவதற்கென்று 201ஆவது பிரிவு தனியாக 500 ரூபாய் வரை சொல்கிறது. இப்போதெல்லாம் போட்டோ எடுத்து இ-செலான் போட்டுவிடுகிறார்கள், நேருக்கு நேர் வாக்குவாதம் குறைந்திருக்கிறது. செலான் தவறு என்று நினைப்பவர் பணம் கட்டாமல் கோர்ட்டில் போய் மறுக்கலாம்; அந்த உரிமை உங்கள் கார்க்காரருக்கும் உண்டு.

இதுவரை சொன்னது எனக்கு உறுதியாகத் தெரிந்தது. இனி வருவது இரண்டு விதமாகவும் பேசக்கூடியது. கார் கேட்டை மறைக்காமல், கேட்டின் விளிம்போடு முட்டி நின்றால்? இருபது அடித் தெருவில் காரைத் திருப்பி உள்ளே விட கேட்டின் அகலம் மட்டும் போதாது, பக்கத்தில் கொஞ்சம் இடம் வேண்டும். விளிம்பில் நிற்கும் காரும், நேர் எதிரே நிற்கும் காரும் உங்கள் வண்டியை உள்ளேயே அடைத்துவிடலாம். இதை 'நுழைவாயிலை மறைப்பது' என்று எடுத்துக்கொள்வதா, வெறும் அசௌகரியம் என்று விடுவதா என்பது அங்கே வந்து பார்க்கும் அதிகாரியின் கையில் இருக்கிறது. நான் போன இடங்களில், வீட்டுக்காரரையே காரை வெளியே எடுக்கச் சொல்லிப் பார்ப்பேன். மூன்று தடவை முன்னும் பின்னும் போயும் வெளியே வர முடியவில்லை என்றால் அது தடைதான் என்று முடிவு செய்து எதிராளியை எடுக்கச் சொல்வேன். வேறு அதிகாரி வேறு மாதிரி பார்க்கலாம். அதேபோல, கேட்டை அடைத்துக் காரை விட்டதை 'சட்டவிரோதமாக வழிமறித்தல்' என்று, அதாவது நியாய சன்ஹிதாவின் 126ஆவது பிரிவில், கிரிமினல் வழக்காகப் போடலாம் என்று சில வக்கீல்கள் சொல்வார்கள். அந்தப் பிரிவு ஒரு மனிதன் போவதைத் தடுப்பதைப் பற்றியது. நீங்கள் நடந்து போக முடிகிறது, கார்தான் போக முடியவில்லை என்னும்போது அது பொருந்துமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. நான் வக்கீல் இல்லை. அந்த வழியில் போவதானால் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கேட்டின் சாய்தளம் தெருவுக்குள் எத்தனை அடி நீட்டிக்கொண்டிருக்கிறது? வீட்டைத் தெருமட்டத்துக்கு மேல் உயர்த்திக் கட்டியவர்கள் மூன்றடி, நான்கடி என்று ராம்ப்பை வெளியே இழுத்துவிடுவார்கள், மழைநீர் வடிகாலின் மேலேயே. அது ஆக்கிரமிப்பு. நீங்கள் புகார் கொடுத்து மாநகராட்சி ஆட்கள் அளக்க வந்தால் அதையும் அளப்பார்கள். அப்படி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுப் புகார் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்: காரின் டயரில் காற்றைப் பிடுங்குவது, கீறல் போடுவது, கண்ணாடியை மடக்கி உடைப்பது. எழுபது வயதான ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் ஆணியால் கார்க் கதவில் நீளமாக ஒரு கோடு போட்டார். எதிர் வீட்டுக் கேமராவில் பதிவாகிவிட்டது. அதுவரை நியாயம் அவர் பக்கம் இருந்தது. மறுநாள் காலை ஸ்டேஷன் பெஞ்சில் அவர்தான் உட்கார்ந்திருந்தார், சொத்துக்குச் சேதம் விளைவித்த எதிராளியாக. பெயிண்ட் செலவைக் கொடுத்து, மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய மகள் கையைப் பிடித்து அழைத்துப் போனதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

அப்படியானால் என்ன செய்வது? போர்டை எடுத்துவிட்டு, வேண்டுமானால் "கேட் உபயோகத்தில் உள்ளது, தயவுசெய்து மறைக்க வேண்டாம்" என்று உங்கள் கேட்டின் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள்; ரோட்டில் எதுவும் வேண்டாம். கார் கேட்டை மறைக்கும் நாட்களில் நம்பர் பிளேட்டும் கேட்டும் ஒரே படத்தில் தெரியும்படி, தேதியும் நேரமும் விழும்படி போட்டோ எடுங்கள். நான்கைந்து நாள் சேர்ந்ததும் சரகப் போக்குவரத்து இன்ஸ்பெக்டருக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், படங்களோடு. சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனில் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, கேட்டு வாங்குங்கள். அது வாயால் சொன்ன புகாரை விட நூறு மடங்கு நடக்கும். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி எடுக்க முடியவில்லை என்பது போன்ற அவசரம் என்றால் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே 100 அல்லது 112.

அப்புறம், தெருவில் நாலைந்து வீட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடமும் மாநகராட்சி வார்டு அலுவலகத்திலும் ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்: தெருவின் ஒரு பக்கம் மட்டும் நிறுத்த அனுமதி, மறுபக்கம் முறையான 'நோ பார்க்கிங்' குறி. முன்பு சொன்ன 117ஆவது பிரிவின் வழி அதுதான். போக்குவரத்துப் பிரிவில் இருந்து வந்து அளப்பார்கள், கேட்கும்போது எல்லாக் கேட்டையும் வரைந்த ஒரு கைப்படம் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும். கார்க்காரரையும் அந்தக் கையெழுத்துத் தாளில் சேர்க்கப் பாருங்கள். அடுத்த தெருவிலிருந்து இங்கே வந்து நிறுத்துகிறார் என்றால் அவருக்கும் அங்கே இடம் இல்லை என்றுதானே அர்த்தம். அவர் அடுக்குமாடியில் இருப்பவரா என்று விசாரியுங்கள். தூண் தளத்துப் பார்க்கிங்கை, அதாவது கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே உள்ள இடத்தை, தனியாக விலை பேசி விற்கக் கட்டுநருக்கு உரிமை இல்லை என்று 2010இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனாலும், "நீங்கள் பார்க்கிங் வாங்கவில்லை" என்று சொல்லித் தெருவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள் சென்னையில் நிறைய. அவருக்கு அப்படி ஏதாவது என்றால் அவர் சண்டை போட வேண்டிய இடம் வேறு, அதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் சொன்னதில் சட்டப் பிரிவுகள் நாடு முழுக்கப் பொருந்தும். அபராதத் தொகை தமிழ்நாட்டுக்கு. நடைமுறை என்று சொன்னதெல்லாம் சென்னையில் நான் பார்த்தது. கோவையிலோ மதுரையிலோ அதே மாதிரி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். தெருவின் அகலத்தையும், கேட்டின் அகலத்தையும், எதிர்ப்பக்கம் என்ன நிற்கிறது என்பதையும் டேப் வைத்து அளந்து இங்கே எழுதுங்கள். மனுவை எப்படி எழுதுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.